மீன் இல்லாத முதல் மாதம்

லகாட்டிலிருந்து பூசிங் வழியாக லுமுட் சாலையைப் பிடித்தால், கடலைப் பார்க்க எழுபது கிலோமீட்டருக்கு மேல் காரோட்ட வேண்டும். நமக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரெல்லாம் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகள்தான். தோட்டத்தில் வளர்ந்த நம் மூத்தவர்களுக்கு மீன் வளர்ப்பு என்றால் லோங்காங்கில் பிடித்த கப்பியும், போத்தலில் விட்ட சண்டைமீனும். இன்று தாமான் வீடுகளில் இளம் தம்பதிகள் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறார்கள். பிள்ளைகள் ‘நீமோ’ என்று கூப்பிடும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்தான் பெரும்பாலும் அந்த ஆசையின் தொடக்கம்.

நல்ல ஆசைதான். ஆனால் தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி வந்தால், அது ஒரு வாரத்தில் செத்து மிதக்கக்கூடும். பிள்ளை அழும், பணமும் போகும். கடல் தொட்டியின் முதல் மாதத்தில் மீன் இருக்கக் கூடாது. அது தண்ணீரைப் பழக்கும் மாதம்.

காரணம் எளிது. மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் கெடுதல்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இதை மீன் ஓரளவு தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இட்லி மாவு ஓர் இரவில் பொங்குகிறது, இந்த மாவுக்கு ஒரு மாதம் வேண்டும், அவ்வளவுதான்.

தொட்டியில் கல்லையும் உப்புநீரையும் சேர்த்து, சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுக விடுங்கள். கடையில் விற்கும் சோதனைப் பெட்டியால் இரண்டு நாளைக்கொரு முறை அளந்து, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார்.

எங்கள் வீட்டுத் தொட்டி ஐந்து வாரம் இப்படி வெறும் கல்லோடு நின்றது. வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். “ஏன்பா, மீனே இல்லாத தொட்டிக்கு லைட் எதுக்கு?” என்று மாமா கேட்டதற்கு வீடே சிரித்தது. இந்தக் கேலியைத் தாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் பரீட்சை. நோட்டில் எண்கள் இறங்குவதைப் பிள்ளைகளிடம் காட்டினால் அவர்களும் காத்திருப்பார்கள்.

கல்லே வடிகட்டி என்ற யோசனைக்கு நம் வட்டாரத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. ஜக்கார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் நம்பித் தொட்டி நடத்தி, அந்த முறையை 1961-இல் எழுதினார். இன்றைய பவளத் தொட்டிகளுக்கு அது ஒரு முக்கிய வித்து. இன்று நாம் கடலைச் சுரண்ட வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் உலர்ந்த துளைக்கல்லும் போத்தல் பாக்டீரியாவும் போதும். தீவுக்குச் சுற்றுலா போகும்போது பவளத்துண்டு எடுத்து வராதீர்கள். ரெடாங், தியோமான் போன்ற கடல் பூங்காக்களில் அனுமதியின்றி அப்படி எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

நம்மைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகளும் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவைதானே, அந்தக் கல்லைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். கிந்தாவின் கல் காலப்போக்கில் இறுகிப் பளிங்காகிவிட்டது. பாக்டீரியா குடியிருக்கத் துளை இல்லை.

இனி தண்ணீர். குழாய்நீரில் குளோரின் இருக்கும். கடைத்தெருவில் காசு போட்டுப் பிடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர் இதற்குத் தோது. சமையல் உப்பு உதவாது. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கடல் தொட்டி உப்புதான் வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் என்றால், 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ. வாரம் 10 லிட்டர் மாற்றினால் ஆண்டுக்கு இன்னும் 18 கிலோ. மீன் விலையைப் பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், உப்புநீர் கூடாது. அடர்த்தி 1.025-ஐ ஒட்டி நிற்கட்டும்.

அடுத்த எதிரி வெயில். கடல்மீனுக்கு 25 முதல் 27 டிகிரி வரை சுகம். மதியம் மூடிக் கிடக்கும் நம் வீட்டில் தண்ணீர் 30-ஐத் தாண்டிவிடும். நீர்மட்டத்தின் மேல் வீசும் சிறு விசிறி இரண்டு, மூன்று டிகிரி குறைக்கும். அது போதாதென்றால் குளிரூட்டி வேண்டும். 200 வாட் குளிரூட்டி நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 48 யூனிட் மின்சாரம். எடையும் சேர்த்து யோசியுங்கள்: 100 லிட்டர் தொட்டி கல், மணல், கண்ணாடியோடு 130 கிலோவைத் தொடும். டிவி அலமாரி தாங்காது.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. கொசுவுக்கு அடிக்கும் ஸ்பிரே மீனுக்குக் கொடிய விஷம். இறால், நண்டுக்கு இன்னும் கொடியது. டிங்கிப் புகை அடிக்கும் வண்டி வரும் நாளில் தொட்டியை மூடி, காற்று மோட்டாரை நிறுத்திவிட்டு, புகை கலைந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். சாம்பிராணி போடும் இடத்துக்கு அருகே அந்த மோட்டார் வேண்டாம். காசை எறிந்து பார்க்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள், செம்பு கலந்த நாணயம் இறாலைக் கொல்லும். மாலை இடிமழையில் கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார்தான் மீனுக்கு உயிர்.

கடைசியாக மீன். 100 லிட்டருக்கு இரண்டு கோமாளி மீன் போதும். பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். கோமாளி மீனைப் பண்ணையில் பெருக்கும் வித்தையை இராமேசுவரம் அருகே மண்டபத்தில் உள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையம்கூடக் கைவசப்படுத்தியிருக்கிறது. பண்ணை மீன் தொட்டிக்கும் தீனிக்கும் பழகியது. கடலில் பிடித்த மீன் அப்படியல்ல. தென்கிழக்காசியப் பவளத்திட்டுகளில் சயனைடு அடித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் இருந்து வருகிறது. அடுத்துப் பிள்ளைகள் கேட்கும் நீல நிற ‘டோரி’யை மட்டும் வாங்காதீர்கள். அது ஓர் அடி வரை வளரும். சிறு தொட்டி அதற்குச் சிறை. அதைப் பண்ணையில் வளர்த்தெடுக்க முடிந்ததே 2016-இல்தான்.

கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வாழ்வைத் தொடங்கும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். முட்டையை ஆண் காவல் காத்து, துடுப்பால் விசிறும். எந்தக் கைப்பேசியும் காட்டாத இந்தக் காட்சியை வரவேற்பறையில் உட்கார்ந்தே பார்க்கலாம். பொறுத்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். ஆகவே இந்த மாதச் சம்பளத்தில் தொட்டி, கல், உப்பு, சோதனைப் பெட்டி. மீனுக்கு அடுத்த மாதச் சம்பளம் இருக்கிறது.