பாக்கி யார் தலையில்?

ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்பவருக்கு வாடகை பாக்கி என்ற பேச்சே கிடையாது. சம்பளத்திலேயே பிடித்துக் கொள்வார்கள். அவரே ஓய்வு பெற்று, கைக்கு வந்த பணத்தில் ஒக்கலிபுரம் பக்கம் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கியதும் நிலைமை மாறுகிறது. மாதாமாதம் பராமரிப்புப் பணத்தை அவரே எண்ணிக் கொடுக்க வேண்டும். "சொந்த வீட்டுக்கு எதற்கு வாடகை?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

அது வாடகை அல்ல. தண்ணீர், மோட்டார், மாடிப்படி விளக்கு, காவலாளி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வீட்டின் பங்கு. 24 வீடுகள் உள்ள கட்டிடத்தில் 6 வீட்டார் மாதம் 1,000 ரூபாயை நிறுத்திவிட்டால், சங்கத்துக்கு 6,000 ரூபாய் துண்டு விழுகிறது. 2024 மார்ச்சில் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்தபோது, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் லாரித் தண்ணீருக்கு 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை கட்டியது. அந்தக் கணக்கில் 10 லாரித் தண்ணீர் போயிற்று! லாரிக்காரர் கடனுக்குக் குழாயைத் திறப்பாரா? ஒழுங்காகக் கட்டியவர்களே மறுபடியும் கையிலிருந்து போட வேண்டும். சீட்டை எடுத்துவிட்டுத் தவணை கட்டாதவருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு?

அதற்காகத் தண்ணீரை நிறுத்துவதும், பெயரை எழுதி வாசலில் ஒட்டுவதும் முறையல்ல. பகை வளரும், பணம் வராது. சட்டமே வழி காட்டியிருக்கிறது. 1972-ம் ஆண்டின் கர்நாடக அடுக்குமாடி உடைமைச் சட்டத்தின் கீழ் வரும் கட்டிடங்களில், பாக்கித் தொகை அந்த வீட்டின் மீதே கடனாக ஏறி நிற்கும். அரசு, நகராட்சி வரிகளும், வீட்டின் முதல் அடமானக் கடனும்தான் அதற்கு முந்தியவை. "நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை" என்று சொல்லியும் தப்ப முடியாது. வீட்டை விற்றால், வாங்கியவரும் பழைய பாக்கிக்குச் சேர்ந்து பொறுப்பாவார். ஆகவே வாங்க நினைப்பவர்கள், பாக்கி இல்லை என்று சங்கத்திடம் எழுதி வாங்குவது அவசியம்.

சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கட்டிடம் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வரவு செலவை மாதந்தோறும் பலகையில் எழுதுங்கள். கணக்குக் காட்டாத சங்கம் பாக்கி கேட்டால் யாருக்கும் கொடுக்க மனம் வராது. வேலை போனவரையும், வசதி இருந்தும் கொடுக்காதவரையும் ஒன்றாக நடத்தாதீர்கள். முன்னவருக்குத் தவணை, பின்னவருக்கு எழுத்தில் நோட்டீஸ், பிறகு கோர்ட்டு.

சம்பளத்தில் பிடித்தபோது முணுமுணுக்காதவர், கையால் கொடுக்கும்போது மட்டும் தயங்கலாமா?