கனடா கேட்டால் கிடைக்கும் சான்றிதழ்

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் முன்னாள் தலைமை அர்ச்சகருக்கு 2023 மே 30 அன்று ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2016 முதல் 2020 வரை அம்மன் நகைகளை அடகு வைத்து அவர் பெற்ற தொகை 2.3 மில்லியன் வெள்ளிக்கு மேல். தணிக்கை வந்தால் வேறு நகையை அடகு வைத்து முந்தையதை மீட்டுவிடுவார். தேக்காவில் இதைப் பேசுகிறவர்கள் ‘வேலியே பயிரை மேய்ந்தது’ என்று சொல்லிவிட்டு அடுத்த காப்பிக்குப் போய்விடுகிறார்கள். வேலி நட்டவர்கள் மரத்தைத் தட்டிப் பார்த்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

பொறுப்புக்கு வருகிறவரின் பின்னணி பற்றிச் சட்டம் இருக்கிறது. நேர்மைக்கேடு, ஏமாற்று தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றவர் அறநிறுவன நிர்வாகக் குழுவில் இருக்க முடியாது. ஆனால் நடப்பில் பெரும்பாலும் பொறுப்புக்கு வருகிறவரே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை நம்பித்தான் காரியம் ஓடுகிறது. தன் வாயால் ‘நான் யோக்கியன்’ என்று சொல்வதன் விலை என்ன என்பதை இந்த ஊர் 1995-லேயே கற்றிருக்க வேண்டும்.

பேரிங்ஸ் வங்கியின் வர்த்தகர் நிக் லீசனைத்தான் சொல்கிறேன். எப்போதும் அவரைத்தான் சொல்வேன். கடன் பாக்கிக்காக லண்டனில் அவர்மீது நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. அங்கே உரிமத்துக்கான படிவத்தில் அதை மறைத்தார்; ஒழுங்குமுறை அமைப்பு கண்டுபிடித்துக் கேட்டது; பேரிங்ஸ் வங்கி விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றது. அப்புறம் 1992-ல் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. சைமெக்ஸ் சந்தையின் படிவத்தில் அதே பொய்யை எழுதினார். இங்கே யாரும் லண்டனைக் கேட்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 88888 என்ற கணக்கில் ஒளித்த நட்டம் 800 மில்லியன் பவுண்டைத் தாண்டியது. 233 ஆண்டு பழைய வங்கி ஒரே ஒரு பவுண்டுக்கு ஐஎன்ஜியிடம் போயிற்று. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்திருக்கும்!

இன்று நிதி மேலாளர்களுக்கு நாணய ஆணையம் நேர்மை, திறமை, நிதிநிலை என்று தகுதி விதி வைத்திருக்கிறது. உண்டியல் பணமும் பொதுப் பணம்தானே? 2018-ல் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் நிர்வாகத்தில் கடுமையான சீர்கேடு என்று அறநிறுவன ஆணையரே அறிவித்தார். அதற்குப் பிறகும் நாம் உறுதிமொழித் தாளில் நிற்கிறோம்.

அர்ச்சகர்மீது முன்குற்றம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லையே, சோதித்து என்ன பயன் என்பார்கள். பூட்டை உடைக்கும் திருடன் உண்டு என்பதற்காகப் பூட்டே வேண்டாம் என்கிற வாதம் இது. முன்னாள் கைதிகளுக்கான மஞ்சள் ரிப்பன் திட்டத்தைக் காட்டி மறுவாய்ப்பு பேசுகிறவர்களும் உண்டு. மறுவாய்ப்பு தாராளமாகக் கொடுங்கள், பெட்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், குற்றப் பின்னணி இல்லை என்று நம் காவல்துறை சான்றிதழ் தருகிறது. குடியேற்றத்துக்குக் கனடா கேட்டால், குடிமகனுக்குக் கிடைக்கும். வெளிநாடு கேட்கிறது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்; உள்ளூர்க் கோயிலின் பொருளாளர் பதவிக்கு என்றால் அந்த வழி இல்லை. இதைத் திறந்துவிட நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். பணத்தைத் தொடும் ஒவ்வொரு அறநிறுவனப் பொறுப்பாளரும், கோயிலோ மசூதியோ தேவாலயமோ, ஆண்டுதோறும் அந்தச் சான்றிதழைத் தர வேண்டும். தர மறுப்பவர் அன்றே விலக வேண்டும்.