கண்குழி முறிவும் காத்திருக்கும் காலமும்

ஊவாவின் மலைப்பாதைகளில் விபத்துக்கள் ஓய்ந்தபாடில்லை. 2021 மார்ச்சில் பசறைப் பகுதியிலும், 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியிலும் பஸ் வண்டிகள் பள்ளத்தில் வீழ்ந்து பலர் பலியானதை நாடே அறியும். மாண்டோருக்காக வருந்தும் நாம், உயிர் தப்பியோரின் காயங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தோட்டங்களில் வழுக்கி வீழ்வோரினதும், விளையாட்டில் முகத்தில் அடிபடும் சிறுவர்களினதும் நிலையும் இதுவே. இவர்களுள் சிலருக்குக் கண்ணைத் தாங்கும் குழியின் என்பு முறிந்துவிடுகின்றது.

என்பு முறிந்துவிட்டால் சத்திரசிகிச்சை கட்டாயம் என்பதில்லை. கண்குழியின் மெல்லிய அடித்தளத்தில் ஏற்படும் சிறு முறிவுகள் பல, தாமாகவே ஆறிவிடும். மூக்கைப் பலமாகச் சிந்தாமல், வீக்கம் வடியும்வரை கண்காணிப்பதே போதுமானது. இரட்டைப் பார்வை நீடித்தாலோ, கண் உட்குழிந்தாலோ, அடித்தளத்தின் பாதிக்கு மேல் உடைந்திருந்தாலோ, ஏறத்தாழ இரு வாரங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்வது பற்றி நிபுணர்கள் தீர்மானிப்பர்.

ஆனால் சிறுவர்களின் நிலை வேறு. அவர்களது இளம் என்பு வளைந்து, மீண்டு, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொள்ளும். வெளியே கண் சிவக்காமலும் இருக்கலாம். கண்ணை மேலே உயர்த்த முடியாமை, வாந்தி, நாடித்துடிப்புக் குறைதல் ஆகியனவே அறிகுறிகள். தலையடி என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ இதைத் தவறாக எண்ணிவிட இடமுண்டு. 48 மணித்தியாலங்களுக்குள் தசை விடுவிக்கப்படாவிடின் நிரந்தரப் பாதிப்பு நேரலாம். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து பார்வை மங்குமாயின், ஒரு சில மணித்தியாலங்கள்கூடத் தாமதிக்க இயலாது.

பதுளையிலிருந்து கொழும்பு சுமார் 230 கிலோமீற்றர். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையகப் பாதைகளைத் துண்டித்தபோது அத்தூரம் இன்னும் நீண்டது. ஆகவே, முதல் தீர்மானம் தோட்ட மருந்தகத்திலேயே தொடங்க வேண்டும். இரு கண்களின் பார்வையையும் தனித்தனியே சோதிப்பதற்கும், கண்ணை மேலும் கீழும் அசைக்கச் சொல்வதற்கும் எந்த இயந்திரமும் தேவையில்லை. தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கு இப்பயிற்சியை அளிப்பது பெருஞ்செலவும் அன்று.

மற்றொன்றையும் நாம் வலியுறுத்த விரும்புகிறோம். "ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்பது வைத்திய ரீதியில் சரியான அறிவுரையாக இருக்கலாம். ஆயினும் நாட்கூலியை இழந்து, பஸ் கட்டணமும் செலுத்தி மீண்டும் வரவேண்டிய தொழிலாளி, எதற்காக வரவேண்டும் என்பதை அறியாவிடின் வராமலே இருந்துவிடுவார். இரு வார அவகாசம் அவரறியாமலே கடந்துவிடும். அபாய அறிகுறிகளையும் மீண்டும் வரவேண்டிய திகதியையும் தமிழில் எழுதிக் கொடுப்பதும், அந்நாளுக்குச் சம்பளத்துடன் விடுப்பு வழங்குவதும் அவசியமாகும்.

காத்திருத்தலும் ஒரு சிகிச்சையே. ஆனால் எதற்காக, எந்நாள்வரை என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிடின் அது வெறும் கைவிடுதலே. மாகாண சுகாதார அதிகாரிகளும் தோட்ட நிர்வாகங்களும் இதனைக் கவனத்திற் கொள்வார்களா?