ஆட்டத்திற்கு முன்னரே தோற்கலாமா?



காற்பந்தாட்டம் தொடங்கும் முன்னரே, “நம் குழு எங்கே வெல்லப் போகிறது?” என்று கூறிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தோற்றபின் மனம் நோகாதிருக்க நாம் முன்கூட்டியே தேடிக்கொள்ளும் ஆறுதல் அது.

2010-ஆம் ஆண்டு தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியை எண்ணிப் பாருங்கள். டிசம்பர் முதல் நாள், ஜகார்த்தாவில் நடைபெற்ற தொடக்கச் சுற்றில் மலேசியா 1-5 எனும் கோல் கணக்கில் இந்தோனேசியாவிடம் படுதோல்வி கண்டது. ஆயினும், பயிற்றுநர் கே. ராஜகோபாலின் இளங்குழு துவண்டுவிடவில்லை. அதே மாதம் 26-ஆம் நாள், புக்கிட் ஜாலில் அரங்கில் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அதே இந்தோனேசியாவை 3-0 என வென்றது. இனிக் கவலையில்லை என இறுமாந்திருக்கவும் வழியில்லை. 29-ஆம் நாள் ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றது. எனினும், இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4-2 எனும் கணக்கில் அக்கிண்ணம் முதன்முறையாக நமதாயிற்று.

ஆகவே, நம்பிக்கை என்பது வெற்றி உறுதியென மார்தட்டுவதன்று. இறுதி ஊதல் ஒலிக்கும்வரை முயற்சியைக் கைவிடாமையே ஆகும்.

பெற்றோர்களே! தொலைக்காட்சியின் முன் நாம் உதிர்க்கும் அவநம்பிக்கைச் சொல் ஆட்டக்காரரின் செவியில் விழுவதில்லை. அருகில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளையின் செவியில் விழுகிறது. “தோட்டத்துப் பிள்ளையால் எங்கே முடியும்?” என்று நாளை அது தேர்வின்போது தன்னையே கேட்டுக்கொள்ளும்.

ஆட்டம் முடியட்டும், அதன்பின் தீர்ப்புக் கூறுவோம். அதுவரை நம் பிள்ளைகளுக்குத் துணைநிற்போம்!