பிள்ளைகளின் மனச்சுமை: கல்முனைக் கரையோரம் தரும் பாடம்



மண் சரிந்தால், வெள்ளம் வந்தால், லயம் தீப்பிடித்தால் உடனே ஒரு நிவாரணப் பட்டியல் எழுதப்படுகிறது. அரிசி, பருப்பு, பாய், போர்வை, கூரைத் தகரம் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டாலும் நாம் கேள்வி கேட்கிறோம். கேட்கவும் வேண்டும். ஆனால், இரவில் மழைச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று அதில் ஒரு வரியும் இருப்பதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அன்று பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் அதே துயரத்தைப் பல இடங்களில் மீண்டும் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகள் மறுபடியும் வகுப்பறைக்கு வரும்போது, பயத்தையும் துக்கத்தையும் கோபத்தையும் எப்படித் தாங்குவது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு நமக்கு முன்பே, நமது மொழியிலேயே விடை தேடவேண்டி வந்தவர்கள் கல்முனைக் கரையோர மக்கள்.

கரையில் நடந்தது

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக நெருக்கியடித்துக் கிடக்கும் கரை அது. மீன்பிடி, கைத்தறி, வயல், சிறு வியாபாரம் என்று உழைத்து வாழும் மக்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தது. நாட்டில் உயிரிழந்தும் காணாமலும் போன சுமார் 35,000 பேரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறு எந்த மாவட்டத்திலும் இவ்வளவு இழப்பு இல்லை.

அம்பாறை மாவட்டத்தில் 13 இடைத்தங்கல் முகாம்களில் 859 குடும்பங்களைப் பற்றி எடுக்கப்பட்ட ஒரு கணக்கு 2006இல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 31 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். ஐந்து முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர். ஆண்களைவிடப் பெண்களே அதிகம். தப்பிய பிள்ளை தம்பியை இழந்திருந்தது, வாங்கில் பக்கத்தில் இருந்த கூட்டாளியை இழந்திருந்தது, பல வீடுகளில் உம்மாவையும் இழந்திருந்தது.

துயரம் அத்தோடு முடியவில்லை. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் வெடிப்பு நடந்தது. அங்கே இறந்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதன் பின் நாடு முழுவதும் பாடசாலை வாசலில் புத்தகப் பை சோதிக்கப்பட்டது. ஊரே சந்தேகக் கண்ணால் பார்க்கப்பட்ட காலத்தில் அந்தக் கரையின் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலான வீதியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் பலர் உயிரிழந்தார்கள்.

வகுப்பறையில் செய்யக்கூடியது

சுனாமிக்குப் பின் அந்தக் கரைக்குப் பல நிறுவனங்கள் வந்தன. திட்டக் காலம் முடிந்ததும் பல திரும்பிப் போயின. பிள்ளைகளோடு தங்கியவர் ஆசிரியர்தான். பலருக்குத் தங்கள் வீட்டிலும் இழப்பு இருந்தது. அப்படியிருந்தும் மணி அடித்தது, வரவுப் பதிவு நடந்தது, பாடம் நடந்தது. கலைந்துபோன பிள்ளைக்கு நாளுக்கு ஓர் ஒழுங்கு கிடைப்பதே முதல் மருந்து. பாடசாலையைச் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பது படிப்புக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல.

அடுத்தது, உடம்பில் நடப்பதைப் பிள்ளைக்கு விளக்குவது. பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும், வயிறு பிசையும். இது பைத்தியமல்ல, தன்னைக் காப்பாற்ற உடம்பு எடுக்கும் ஆயத்தம் என்று சொன்னாலே பாதிப் பயம் போகும். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவதை ஐந்து நிமிடத்தில் பழக்கலாம். கோபம் வந்தால் வுழூச் செய்துகொள்ளும் வழக்கம் முஸ்லிம் குடும்பங்களில் உண்டு. குளிர்ந்த தண்ணீர் முகத்தில் படுவதும், அந்த இடத்தை விட்டு நகர்வதும் உடம்பை அமர்த்தும். நமது வீடுகளில் பீலித் தண்ணீரில் முகம் கழுவினாலும் அதே பலன்தான்.

மூன்றாவது, உணர்ச்சிக்குப் பெயர் சொல்லப் பழக்குவது. கோபமா, வெட்கமா, ஏக்கமா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை அடிப்பதும் உடைப்பதும் குறையும். சொல்ல வராத பிள்ளைக்குப் படம், களிமண், கதை, நாடகம் இருக்கிறது. இதற்கு நல்ல உதாரணம் மட்டக்களப்பில் உண்டு. 1996இல் யுத்தத்தின் நடுவே அங்கே தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவுக்குத் தமிழ் ஊர்களின் பிள்ளைகளும் முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகளும் ஒன்றாக வந்து, மண் பிசைந்து, படம் கீறி, கதை கட்டினார்கள். நமது பெரியவர்களுக்கு ஒப்பாரி இருந்தது, காமன்கூத்து இருந்தது. துக்கத்தை வெளியே கொண்டுவர பிள்ளைக்கும் ஒரு வழி வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. அனர்த்தம் நடந்த முதல் நாட்களிலேயே 'என்ன பார்த்தாய், சொல்லு' என்று பிள்ளையைக் கிண்டக்கூடாது. அது விரும்பும்போது பேசட்டும். வாரக்கணக்கில் நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல் தவிக்கும் பிள்ளைக்குப் பயிற்சி பெற்றவரின் உதவி வேண்டும். அந்த உதவி பலன் தருகிறது. சுனாமிக்குப் பின் வடகிழக்குக் கரையோர முகாம் ஒன்றில் மனம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 31 பிள்ளைகளில் ஒரு பகுதியினர் தங்கள் வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லும் முறையிலும், மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்யும் முறையிலும் பழக்கப்பட்டார்கள். இரு பகுதிக்கும் ஆறு அமர்வுகள்தான். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதத்தின் பின் முதல் பகுதியில் நூற்றுக்கு 81 பேரும் இரண்டாவது பகுதியில் 71 பேரும் தேறியிருந்தார்கள்.

மூச்சுப் பயிற்சியால் கூரை ஒழுகுவது நிற்காது

இனிச் சொல்வது தொழிற்சங்கமாக நாம் கவனிக்க வேண்டியது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. பாடசாலையிலேயே 15 அமர்வுகள் நடத்திப் பார்த்தார்கள். சில பிள்ளைகளின் நடத்தை சீரானது. வயது குறைந்தவர்களுக்கும், அப்போதைய யுத்த நெருக்கடி குறைவாக இருந்தவர்களுக்கும் கூடிய பலன் கிடைத்தது. ஆனால் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மனவடுவிலும் சோர்விலும் பெரிய மாற்றம் இல்லை. 427 இலங்கை மாணவர்களைப் பற்றி 2010இல் வந்த மற்றோர் ஆய்வு இதன் காரணத்தைத் தொட்டது. யுத்தமும் சுனாமியும் மட்டுமல்ல, அவற்றுக்குப் பிந்திய அன்றாட வறுமையும் வீட்டுச் சண்டையும் பாதுகாப்பற்ற வாழ்க்கையும் பிள்ளையின் மனதை அரிக்கின்றன.

கல்முனைக் கரையில் இதை எவரும் ஆய்வு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சுனாமிக்குப் பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. காணியே இல்லாத அந்த நெருக்கமான ஊர்களில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கொட்டிலில் இருந்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டும், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கினாலும் இழுபறியினாலும் பத்து வருடத்துக்கு மேல் காடு மண்டிக் கிடந்தன. தகரக் கொட்டிலில் வளர்ந்த பிள்ளையிடம் மனதை அமைதியாக வைத்துக்கொள் என்று மட்டும் சொல்ல முடியுமா?

நமது நிலை வேறா? ஒரே காம்பராவில் படிப்பு, சமையல், நித்திரை, குடித்துவிட்டு வருபவரின் சத்தம் எல்லாம் நடக்கிறது. அம்மா மத்திய கிழக்கில், அப்பா கொழும்பில், பிள்ளை பாட்டியிடம். இது அந்தக் கரையோரக் குடும்பங்களுக்கும் தெரிந்த வாழ்க்கை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வந்தால் பத்து வயதுப் பிள்ளையின் தோளில் முழுக் குடும்பத்தின் எதிர்காலமும் ஏற்றப்படுகிறது. கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்த நாளின் கோபம் மாலையில் பிள்ளையின் முதுகில் இறங்குகிறது.

ஆகவே இரண்டும் வேண்டும். பிள்ளைக்குத் தாங்கப் பழக்க வேண்டும்; பிள்ளை தாங்க வேண்டிய பாரத்தையும் குறைக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்வது, ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளைக்கு ஒரு குடையைக் கொடுத்துவிட்டுப் போவது போன்றது. இரண்டாவது கிடைக்கும் வரை முதலாவதைத் தள்ளிவைப்பதும் நியாயமில்லை. காணியும் வீடும் வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.

நாம் கேட்க வேண்டியவை

1. ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும், அல்லது அருகருகே உள்ள சில பாடசாலைகளுக்குச் சேர்த்து, தமிழில் பேசும் பயிற்சி பெற்ற உளவளத்துணை ஆசிரியர் ஒருவர் வேண்டும். பெயருக்கு ஒருவரை நியமித்துவிட்டு அவருக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கொடுத்து நேரமில்லாமல் செய்யக்கூடாது.

2. வாரத்தில் ஒரு பாடவேளை இதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும். பரீட்சைக் காலத்தில் முதலில் வெட்டப்படும் பாடவேளையாக அது இருக்கக்கூடாது.

3. அடி நிறுத்தப்பட வேண்டும். பாடசாலையில் உடல் ரீதியான தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை ஏற்கனவே இருக்கிறது. 2021இல் உயர் நீதிமன்றமும் அத்தகைய தண்டனையை அடிப்படை உரிமை மீறலாகத் தீர்ப்பளித்தது. பிரம்புக்குப் பயந்திருக்கும் பிள்ளை அதே ஆசிரியரிடம் மனம் திறக்காது.

4. மண்சரிவு அபாயம் உள்ள லயங்களிலிருந்து குடும்பங்களைப் பாதுகாப்பான காணிக்கும் தனி வீட்டுக்கும் மாற்றுவதைப் பிள்ளைகளின் மனநலக் கோரிக்கையாகவும் முன்வைக்க வேண்டும். மழை இரவில் பயப்படும் பிள்ளையின் பயம் பொய்யல்ல.

தோட்டத் தலைவர்களும் தலைவிகளும் மாதர் சங்கமும் இந்த நான்கையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் வலயக் கல்வி அலுவலகத்திலும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

வீட்டில்

அதுவரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. பிள்ளை அடிக்கடி வயிற்றுவலி என்று பாடசாலைக்குப் போக மறுத்தால், மறுபடி பாயில் சிறுநீர் கழித்தால், திடீரென்று பேச்சைக் குறைத்தால், எதற்கெடுத்தாலும் அடிதடிக்குப் போனால் அது நடிப்பல்ல. ஏசாமல் பக்கத்தில் உட்காருங்கள். வேலை முடிந்து வந்து பத்து நிமிடம் போதும். 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா' என்று கேட்காதீர்கள். கூட்டாளிகளோடு விளையாட விடுங்கள். பரீட்சைப் புள்ளியைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிடாதீர்கள். களைநாசினிப் போத்தலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.

சாக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் விளையாட்டுக்குச் சொல்கிறது என்று விடாதீர்கள். அதைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். பிள்ளைக்கு யாராவது துன்பம் செய்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அறிவிக்கலாம்.

தோழர்களே, கல்முனைக் கரையில் கடல் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எவராலும் முடியவில்லை. ஆனாலும் தப்பிய பிள்ளைகளில் பலர் படித்து, தொழில் செய்து, இன்று தாமே பெற்றோராக இருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர்களும் திறந்திருந்த பாடசாலையும் அதற்குத் துணை. கரைக்கும் மலைக்கும் தூரம் அதிகம். பிள்ளையின் பயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அடுத்த முறை நிவாரணப் பட்டியல் எழுதப்படும்போது, பிள்ளைகளின் மனதுக்கும் அதில் ஒரு வரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுத வைப்போம்.