உபயப் பட்டியலுக்கு எந்தப் பெர்ல் தொகுதி? என் கருத்து



நெகிரி செம்பிலான் தோட்டங்களை விட்டு சிரம்பான், நீலாய்னு குடிபோன குடும்பங்களைத் திருவிழாவுக்குத் திரும்ப அழைக்க உதவுறது உபயக்காரர் பட்டியல்தான். அதை சிஎஸ்வி கோப்பா வச்சுப் பெர்ல் நிரல் எழுதுற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை.

காற்புள்ளி கண்ட இடத்துல எல்லாம் வெட்டாதீங்க. முகவரிக்குள்ளேயும் காற்புள்ளி வரும். அப்புறம் நட்சத்திரம் இருக்க வேண்டிய கட்டத்துல தாமான் பேர் நிக்கும். அர்ச்சனைக்குப் பூசாரி எதைப் படிப்பார்?

இதுக்குன்னே டெக்ஸ்ட்::சிஎஸ்வி தொகுதி இருக்கு. அதுக்குள்ள ரெண்டு வழி:

👉 எக்ஸ்எஸ்: சி மொழியில எழுதினது. வேகம் அதிகம். ஆனா கட்டி நிறுவ சி கம்பைலர் வேணும். பெர்லின் பெரிய பதிப்பு மாறினா மறுபடியும் கட்டணும்.

👉 பிபி: முழுக்கப் பெர்ல். வேகம் குறைவு. ஆனா பென்டிரைவ்ல நகலெடுத்துப் போட்டாலே ஓடும்.

லட்சக்கணக்கான வரிகள்னா எக்ஸ்எஸ்தான் சரி. நம்ம பட்டியல் சில நூறு வரி. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கோயில்ல இருக்கிறதோ யாரோ கொடுத்த பழைய மடிக்கணினி. இன்னிக்கு நிரல் எழுதுற பிள்ளை நாளைக்கு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிடலாம். அடுத்து வர்றவங்க கையிலயும் அது ஓடணும். அதனால பிபி போதும்னு நான் சொல்வேன்.

எக்ஸ்எஸ் இருந்தா டெக்ஸ்ட்::சிஎஸ்வி அதை எடுத்துக்கும், இல்லேன்னா தானாவே பிபிக்கு மாறிக்கும். நிரல்ல ஒரு வரிகூட மாத்த வேணாம். தமிழ்ப் பேர் சிதையாம இருக்க, கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8னு மட்டும் சொல்லிடுங்க.

தேர் பத்திரமா நிலைக்கு வந்து சேரணும், அதான் முக்கியம். உங்க கோயில்ல பட்டியல் பார்க்கிறவங்களுக்கு இதைப் பகிருங்க.