வால்வை மூடும் அதிகாரம்

நள்ளிரவில் குழாய் உடைந்தால், பிளம்பர் வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும். பெரும் சேதம் அதற்குள் நடந்து முடிந்துவிடும். எனவே அவருக்கு முன்னால் அங்கே நிற்பவர் என்ன செய்கிறார் என்பதே முக்கியம்.

வீட்டில் வாஷ்பேசின் டியூப் வெடித்தால் அடியிலேயே ஆங்கிள் காக் இருக்கிறது. அது இறுகியிருந்தால் மாடிக்கு ஓடி டேங்க் வால்வை மூடலாம். அதுவும் முடியாவிட்டால், மோட்டாரைப் போடாமல் இருந்தாலே போதும். 1,000 லிட்டர் டேங்க் காலியானதும் தண்ணீர் நின்றுவிடும்.

வணிக வளாகத்தில் அப்படி நிற்காது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பிரஷர் என்பது கணக்கு. பத்து மாடிக்கு மேலிருந்து இறங்கும் குழாயில், இடையில் பிரஷரைக் குறைக்கும் வால்வு இல்லையென்றால், தரைத்தளத்தில் மூன்று கிலோவைத் தாண்டும். டேங்கில் மட்டம் குறைந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். சம்ப் வற்றும்வரை தண்ணீர் கொட்டும். குழாய்களோ ஷாஃப்டுக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் மறைந்திருக்கும். மூன்றாம் மாடியில் உடைந்தது, முதல் மாடித் துணிக்கடையில் சொட்டும்போதுதான் தெரியவரும். தண்ணீர் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினால் அங்கே மின்சாரப் பேனல்.

இதை முதலில் பார்ப்பவர் இரவுக் காவலாளி. ஷாஃப்ட் சாவி அவரிடம் இல்லை. எந்த வால்வு எந்தத் தளத்துக்கு என்று யாரும் காட்டியதில்லை. மூடினால் மேலே இருக்கும் கிளினிக்குக்கும் தண்ணீர் நிற்குமோ என்ற பயம் வேறு. மேனேஜருக்குப் போன் போடுகிறார். மேனேஜர் ஓனருக்குப் போடுகிறார். வீட்டில் பார்த்தவரே மூடிவிடலாம். இங்கே பார்ப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர். இந்த இடைவெளியில்தான் தண்ணீர் பாய்கிறது.

கட்டட உரிமையாளர்களே, ஒவ்வொரு வால்விலும் தளத்தின் பெயரை எழுதுங்கள். காவலாளி அறையில் ஒரு வரைபடத்தையும் சாவியையும் மாட்டுங்கள். தீயணைப்புக்கான சிவப்புக் குழாயை மட்டும் அவராகவே மூடக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். வருடக்கணக்கில் தொடாத கேட் வால்வைப் பதற்றத்தில் திருகினால் ஸ்பிண்டில் முறிந்து சக்கரம் கையோடு வரலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, “யாரையும் கேட்காமல் மூடு, பிறகு போன் செய்” என்ற அனுமதியை அந்தக் காவலாளிக்கு எழுத்தில் கொடுங்கள்.